ஹெல்வே பிடுங்கிய ஆணிகள்

கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ஹெல்வே தன் வீடு இருக்கும் ஹல்லிஸ்தே ஆற்றங்கரையை விட்டு நகரமாட்டாள். யாராவது தள்ளிப் பார்க்கட்டுமே! பனி உருகி ஆறு வீட்டுக்குள் வரும் நாட்களை அந்தப் பக்கத்தில் ஐந்தாவது பருவம் என்பார்கள். மற்றப் பருவங்களைப் போல அதற்கும் வேலைகள் உண்டு. விறகு மிதந்து போகாமல் கயிற்றால் கட்டுவாள். உருளைக்கிழங்கை மச்சில் ஏற்றுவாள். ஆடுகளையும் திட்டிக்கொண்டே ஏற்றுவாள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. இவள் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைப்பாள். தண்ணீர் ஒரு கதவால் வந்து மறு கதவால் போய்விடும்.

இந்த வருடம் தரைதான் சிக்கல். அங்கே தரைப்பலகைக்கு யாரும் ஆணி அடிப்பதில்லை. தண்ணீர் வருமுன் பலகைகளைத் தூக்கி உத்தரத்தில் அடுக்கிவிடுவார்கள். ஆணி அடித்த தரையைத் தண்ணீர் கீழிருந்து மொத்தமாக உந்தும். சுவராக அடுக்கிய மரங்களே பெயர்ந்துவிடும். போன கோடையில் மகன் ராய்வோ தான் வாழும் பர்னு நகரத்திலிருந்து வந்து புதுத் தரை போட்டு, வர்ணமும் பூசிக் கொடுத்தான். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். இப்போது பலகையைத் தூக்கப் போனால் அசையவில்லை. வர்ணத்தைச் சுரண்டினாள். பலகைக்குப் பலகை ஆணி!

பக்கத்து வீட்டு எண்டெல் படகில் வந்து எட்டிப் பார்த்தார். "ஆறு வேலியைத் தாண்டிடுச்சு. விட்டுத் தள்ளு ஹெல்வே, எங்க மேட்டு வீட்டுக்கு வந்துடு."

"வாய்ப் பேச்சு எதுக்கு? வந்ததுக்கு அந்தக் கடப்பாரையைப் பிடிங்க!"

இருட்டும்வரை இருவரும் நெம்பினார்கள். கையில் கொப்புளம் போட்டது. கடைசிப் பலகை மேலே ஏறியபோது கணுக்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது.

மறுநாள் ராய்வோ குறுகலான மரப்படகை வாசல் வழியாகவே உள்ளே செலுத்தினான். ஹெல்வே ஆள் படுக்கும் அளவு பெரிய செங்கல் அடுப்பின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பும்மா. வீடு முழுக்கத் தண்ணி. இனி இங்க என்ன இருக்கு?"

"சுவர் இருக்கு, கூரை இருக்கு, நான் இருக்கேன். ஏன்டா, நீ இந்த வீட்டுல பொறந்தவன்தானே? பலகைக்கு ஆணி அடிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

அவன் துடுப்பையே பார்த்தான். "தெரியும்."

"அப்போ வீடு போகட்டும்னுதான் அடிச்சே."

"வீடு போனாத்தானே நீ வருவே!" கத்திவிட்டான். "தண்ணி ஏறுறதுக்குள்ள வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு வசந்தத்துலயும் போன் அடிச்சாலே ஈரக்குலை நடுங்குதும்மா."

ஹெல்வேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை செய்கிற வேலையா இது!  ஆனால் பாவமாகவும் இருந்தது. இன்னொரு கோப்பையில் காப்பி ஊற்றிக் குனிந்து படகுக்குள் நீட்டினாள்.

"பயமா இருந்தா வந்து என்கூட இரு. இல்லேன்னா அங்கேயே கிடந்து பயப்படு. நான் வரமாட்டேன்."

அவன் வாங்கிக் குடித்தான். 

"அலமாரி மேல தகர டப்பா இருக்கு பாரு," என்றாள். "உன் ஆணிதான், ஒண்ணு விடாம பிடுங்கிட்டேன். போறப்போ எடுத்துட்டுப் போ."