எள்ளுப் புண்ணாக்கு தின்னாத குட்டி

மாமா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, அக்காவிடம் பத்து ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோய் விட்டேன். அப்போது நான் திருப்பதியில் கால்நடை ஆராய்ச்சி மாணவி. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கைத் தின்று வளரும் குட்டிகளின் கறி எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. ஐந்து குட்டிகளுக்குக் கடலைப் புண்ணாக்கு, ஐந்துக்கு எள்ளுப் புண்ணாக்கு. மூன்று மாதம் கழித்து அறுத்துக் கறியைச் சோதிக்க வேண்டும். கல்லூரிப் பண்ணையில் கொட்டகை எதுவும் காலியில்லை. நகரியில் அக்கா வீட்டின் பின்னால், மாமா பவர்லூம் ஓட்டிய ஷெட், தறிகளை விற்றபின் சும்மா கிடந்தது. பேராசிரியர் வந்து பார்த்துச் சம்மதித்தார்.

கொட்டகைக்காக மட்டும் நான் அங்கே போகவில்லை. அந்த ஆறு மாதமும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. தீனி போட, தண்ணீர் வைக்க ஏதாவது இருந்தால் எழுந்து நடமாடுவாள் என்று நினைத்தேன். அறுக்கப் போவதை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி, கறிக்குத்தானே" என்றாள்.

நடமாடத்தான் செய்தாள். ஞாயிறுதோறும் எடை பார்க்கப் பஸ் ஏறிப் போவேன். மூன்றாவது வாரம் போனபோது தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். எனக்கும் சேர்த்து சமைத்திருந்தாள். குட்டிகளின் காதில் நான் மாட்டியிருந்த எண்களை அவள் கண்டுகொள்ளவே இல்லை. இது திருடி, இது சோம்பேறி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எள்ளுப் புண்ணாக்குக் குழுவில் இருந்த ஒரு கறுப்புக் குட்டி மட்டும் அவள் போகுமிடமெல்லாம் புடவையை முகர்ந்துகொண்டே போகும். அவள் உட்கார்ந்தால் மடியில் தலையை வைத்துக்கொள்ளும்.

"இது இன்னாடி, என்னை உட்டு நகரவே மாட்டேன்றது" என்று சிரித்தாள். மாமா போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வண்டி வந்த காலையில் ஒன்பது குட்டிகளை அவளே பிடித்து ஏற்றிவிட்டாள். கறுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இத மட்டும் உட்டுட்டுப் போயேன்."

"அக்கா, அஞ்சுக்கு அஞ்சு இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆய்வு கெட்டுடும்."

"ஒண்ணுதானேடி. உனுக்கு நான் இதுவரிக்கும் இன்னா கேட்டிருக்கேன்?"

டிரைவர் ஹாரன் அடித்து, "போதாமம்மா, எண்ட எக்குதோந்தி" என்று தெலுங்கில் வெயில் ஏறுவதைச் சொல்லி அவசரப்படுத்தினார். நான் அவள் கையிலிருந்து குட்டியை வாங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. அவள் உள்ளே போய்விட்டாள்.

கறியைச் சோதிக்கும்போது உப்போ காரமோ போடமாட்டோம். வெறும் தண்ணீரில் வேகவைத்து, எந்தத் துண்டு எதுவென்று தெரியாமல் ஏழெட்டுப் பேர் மென்று பார்த்து மதிப்பெண் போடுவோம். நானும் மென்றேன். மென்மையாக இருக்கிறது, சாறு இருக்கிறது என்று எழுதினேன். எள்ளுப் புண்ணாக்குக் குட்டிகளின் கறி கூடுதலாக ஒரு நாள் சிவப்பு மங்காமல் இருந்தது. கொழுப்பு விரலில் பட்டதும் இளகியது. எல்லாம் நாங்கள் எதிர்பார்த்தபடியேதான். ஒரே ஒரு குட்டியின் கொழுப்பு மட்டும் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது. கறியும் சீக்கிரம் நிறம் மாறியது. காது எண்ணைப் பார்த்தேன். கறுப்புக் குட்டியினுடையது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அதுக்கு வேற ஏதாச்சும் குடுத்தியாக்கா?"

"புண்ணாக்குல வாயே வெக்கல. கசக்குது போல. பசியில கத்திக்கினு இருந்துச்சு, பாத்துக்கினு இருக்க முடில. நான் துன்ற சோத்துலயே கஞ்சி காச்சி ஊத்தினேன். ஏன்டி, எதுனா தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் இல்லக்கா" என்று வைத்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட பேராசிரியர் அந்தக் குட்டியை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அதன் பெயரில் எழுதியிருந்த எல்லாவற்றையும் அடித்தேன். ஒன்பது குட்டிகளை வைத்தே ஆய்வு முடிந்தது. ஒன்றும் கெடவில்லை. எனக்குப் பட்டமும் கிடைத்தது.

அக்கா சண்டை போடவில்லை. போனை எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால், ஆச்சு என்பாள். ஷெட்டைப் பூட்டிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போக வந்தாள். படிகள் தொடங்கும் அலிபிரியில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். இளைத்திருந்தாள். நூறு படிகூட ஏறியிருக்க மாட்டோம், மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்தாள். அவளிடம் அதைச் சொல்லாமல் இருப்பது எனக்கு இரண்டு வருஷமாகப் பாரமாக இருந்தது. சொல்லிவிட்டால் திட்டுவாள், அழுவாள், அப்புறம் பழையபடி ஆகிவிடுவோம் என்று நம்பினேன். சொன்னேன். கறுப்பை ஆய்வில் சேர்க்கவே இல்லை, அதை விட்டுவிட்டே வந்திருக்கலாம் என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நான் கஞ்சி ஊத்தனதாலயா?"

"இல்லக்கா, தப்பு என்னுதுதான். அது புண்ணாக்கு தின்னுதான்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"உன் படிப்புக்கு ஆச்சேன்னு மனச தேத்திக்கினு இருந்தேன். இப்ப எதுக்குடி இத எங்கிட்ட சொன்ன?"

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நான் பின்னாலேயே போனேன். மேலே போய்ச் சேரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.