தனபாக்கியம் டீச்சர் தட்டிய ஜன்னல்

இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். விஜயகுமாரிக்கு நடந்தது நடந்ததுதான். கனவில்லை, காய்ச்சல் பிதற்றலும் இல்லை. 1979 ஐப்பசி, நெய்வேலி டவுன்ஷிப், அடைமழை. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஊரே விழித்திருந்தது.

தனபாக்கியம் டீச்சரைத் தெரியாத பிளாக் அங்கே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், குடியிருப்போர் சங்கத்துக்கு வருஷக்கணக்காகத் தலைவி. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் குழாயில் கலங்கல் வந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்மாபுரம் பக்கமிருந்து வந்த காண்ட்ராக்ட் கூலிகளின் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தவர். விஜயகுமாரிக்கு வலி கண்ட அன்று கணவன் வேலுமணிக்கு மைன்ஸில் நைட் ஷிஃப்ட். ஆம்புலன்ஸ் கொண்டுவந்ததும், விடிய விடிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதும் டீச்சர்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். மழைக்காலச் சாயங்காலங்களில் வீடு வீடாகப் பின்பக்கம் போய்க் குடைப்பிடியால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவார். "உள்ள கரியடுப்பு எரியுதா? ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வைங்க."

பக்கத்து க்வார்ட்டர்ஸ் ருக்குமணி பண்ருட்டிக்காரி. வாய் சும்மா இருக்காது. "ஜன்னல் டீச்சர் வந்துக்கினு இருக்காங்கடி! தொறந்து வையி, இல்லாட்டி வூட்டுக்குள்ள பூந்து வாய்ப்பாடு கேப்பாங்க!"

விஜயகுமாரியும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒருநாள் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தைக்குச் சளி. சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது. காயாத துணி குவிந்து கிடந்தது. கண்ணாடியில் தட்டல் கேட்டதும் எரிச்சல் தலைக்கேறியது. ஜன்னலை வெடுக்கென்று திறந்தாள்.

"ஈரக்காத்து பட்டா புள்ளைக்கு ஆகாது டீச்சர். பெத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

டீச்சருக்குப் பிள்ளை இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

அவர் கோபப்படவில்லை. முகம் தெரியாதபடி குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "சரிம்மா" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு ஜன்னலை மட்டும் தட்டவில்லை.

அடுத்த வாரம், காலைப் பிரேயரில் நின்றபடியே சரிந்தார். மாரடைப்பு.

ஊரே அழுதது. விஜயகுமாரிக்கு மட்டும் அழுகை வரவில்லை. அந்தச் 'சரிம்மா' காதிலேயே நின்றது. திட்டியிருந்தால் தேவலையே என்று நினைத்தாள். திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்துக்காகவும் தன்னை வெறுத்தாள்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. டீச்சரின் தங்கை ஜானகியம்மாள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். வீடு தேடி வந்து கூப்பிட்டார். "நீ ரெண்டு வார்த்தை பேசணும்மா. உன் பிரசவத்தப் பத்தி அக்கா சொல்லிச் சொல்லிப் பூரிச்சிக்கினு கெடப்பா."

"புள்ளைக்கு உடம்பு சரியில்லைங்க."

பொய். குழந்தைக்குச் சளி விட்டு நாலு நாளாகியிருந்தது.

சாயங்காலம் வேலுமணி, ருக்குமணி, அந்த வரிசை மொத்தமும் கூட்டத்துக்குப் போனது. மழை வலுத்தது. விஜயகுமாரி கரியடுப்பைப் பின்னறைக்குள் இழுத்து வைத்தாள். மேலே கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் துணிகளைப் பரப்பினாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழிட்டாள். சாரலுக்காக மட்டுமில்லை. மைக் செட்டில் வரும் டீச்சரின் புகழ் காதில் விழாமல் இருக்கவும்தான்.

ஆனாலும் விழுந்தது. டீச்சர் போராடி வாங்கிய பஸ்... டீச்சர் படிக்க வைத்த பிள்ளைகள்... ஒவ்வொன்றும் ஊசியாக இறங்கியது. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தலை கனத்தது. அழுகை முட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழே காலுக்கு மைக் சொன்னது: "அம்மையார் நினைவாக இரண்டு நிமிடம் மௌனம்."

ஊர் அடங்கியது. மழைகூடத் தணிந்தது.

ட்டக்... ட்டக்... ட்டக்...

ஜன்னல் கண்ணாடி. மரப்பிடி தட்டும் சத்தம்.

அவளுக்குத் தெரிந்த சத்தம்.

அந்த வரிசையில் யாரும் இல்லை. எல்லோரும் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

ட்டக்... ட்டக்... ட்டக்...

கேட்க வந்துவிட்டார். அன்று கேட்காமல் போனதை இன்று கேட்க வந்துவிட்டார்... விஜயகுமாரி எழுந்துபோய் ஜன்னலின் மேல் கொக்கியையும் மாட்டினாள்.

"டீச்சர்... தெரியாமச் சொல்லிட்டேன்... மன்னிச்சிடுங்க..."

தட்டல் நிற்கவில்லை. வேகமானது.

மைக் மறுபடி பேசட்டும் என்று காத்திருந்தாள். பேசவில்லை. இரண்டு நிமிடம் முடியவே இல்லை.

அப்போது இன்னொரு சத்தம்.

பின்கதவில்.

தப்... தப்... தப்...

இது மரப்பிடி இல்லை. உள்ளங்கை. அதுவும் தாழ்ப்பாள் உயரத்தில் இல்லை. கீழே. முழங்காலுக்குச் சற்று மேலே.

ஜன்னலில் ஒன்று. கதவில் ஒன்று.

இத்தனை சத்தத்துக்கும் குழந்தை விழிக்கவில்லை.

ஸ்பூன் விழுந்தால் விழிக்கிற குழந்தை.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் மன்னிப்பு, மன்னிப்பு என்று தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை.

தூக்கினாள். தலை தொங்கியது.

நிற்க முடியவில்லை. கால் இல்லை. அறை சுற்றியது.

தவழ்ந்தாள்.

தப்... தப்...

சத்தம் வந்த இடத்தை நோக்கியே தவழ்ந்தாள்.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

காற்று.

வெளியே யாரும் இல்லை. சேற்றில் ஒரு கால்தடம்கூட இல்லை. குழந்தையை மழையில் நீட்டிப் பிடித்தாள். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... பிறகு ஒரு விக்கல். அப்புறம் வீறிட்ட அழுகை.

கூட்டம் முடிந்து வந்த வேலுமணி, நனைந்தபடி பின்வாசற்படியில் கிடந்த இருவரையும் பார்த்தான். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தான். "ஏண்டி, மூடின அறைக்குள்ளயா கரியைப் போட்டே? அந்தக் கரிக்காத்து ஆளையே கொன்னுடும்! இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." முடிக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

காலையில் ஜானகியம்மாள் ஊருக்குக் கிளம்புமுன் விஜயகுமாரி ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அன்று ஜன்னலில் நின்று தான் சொன்ன வார்த்தையையும் மறைக்கவில்லை.

ஜானகியம்மாள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தார்.

"அக்காவுக்குப் புள்ள இருந்தாம்மா. இங்க யாருக்கும் சொன்னதில்ல. அப்பல்லாம் தகரக் கொட்டாய்தான். இதே மாதிரி மழை. துணி காயட்டும்னு உள்ள கரியப் போட்டுட்டு, ஜன்னலச் சாத்திட்டு, வெளிய நாதாங்கி மாட்டிக்கினு தண்ணிக்குப் போனா. கொழாயில கூட்டம். நேரமாயிடுச்சி. உள்ளேருந்து கதவத் தட்டற சத்தம் பக்கத்துக் கொட்டாய்க்காரங்களுக்குக் கேட்டுச்சாம். புள்ள வெளையாடுதுன்னு இருந்துட்டாங்க."

விஜயகுமாரி கேட்டாள், "எவ்வளவு பெரிய புள்ளைங்க?"

"ரெண்டு வயசுகூட முடியல."

ஜானகியம்மாள் குனிந்து, தன் முழங்காலுக்குச் சற்று மேலே, காற்றில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.