இன்சுலினும் கெட்டிலும்

மல்லசமுத்திரம் தாண்டி, ஒரு லாரி எலக்ட்ரீஷியன் கடை முன் நாங்கள் வாடகைக்கு எடுத்த, படுக்கை வசதியுள்ள கேம்பர் வேன் நிற்கிறது. உச்சி வெயில். வேனிலிருக்கும் சின்ன பிரிட்ஜுக்குக் கரண்ட் வரவில்லை. உள்ளே என் கணவரின் பத்து நாள் இன்சுலின் இருக்கிறது. வண்டியை வாடகைக்குக் கொடுத்தவரைக் காலையிலிருந்து திட்டிக்கொண்டு வருகிறேன்.

"மொதல்ல மருந்தக் குடுங்க, எங்கூட்டு பிரிட்ஜுல இருக்கட்டும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. வைத்துவிட்டு வந்து டெஸ்டரை எடுக்கிறார். பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டும் சரியாக இருக்கின்றன. பிரிட்ஜ் மாட்டியிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றி இழுக்கிறார். ஒயர் முனை கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

"ஏனுங்க, இதுல வேற ஏதாச்சும் மாட்டுனீங்களா?"

கணவர் என்னைப் பார்க்கிறார். இல்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

"கெட்டில்" என்கிறேன். "காலையில காபிக்கு."

"அதானுங்க. இந்த ஒயரு அத்தன லோடு தாங்காதுங்க."

புது பாயிண்ட் மாட்டியதும் பிரிட்ஜ் மெல்ல முனகுகிறது. அவர் இன்சுலினைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கணவர் அதை வாங்கிக்கொண்டு, கெட்டிலை எடுத்து அவர் கையில் வைக்கிறார்.

"இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்."