காந்தம் ஒட்டாத கல்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். ராயப்பன்பட்டிப் பக்கம் எங்கள் தக்காளிக் காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கல் மட்டும் மற்றதோடு சேரவில்லை. உரித்த தேங்காய் அளவு. மேலே எண்ணெய் தடவினது போல மினுங்கும் கறுப்புத் தோல். ஒரு மூலை உடைந்து, உள்ளே சாம்பல் வெள்ளை.

கிணறு வெட்டும் இடங்களில் பத்து வருசம் கல் சுமந்தவள் நான். இங்கத்திப் பாறைக்கு இப்படித் தோல் கிடையாது. “இது வானத்துல இருந்து எரிஞ்சு விழுந்தது” என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

அப்போது அரிசியை இழுக்கும் இரிடியம், கோடி பெறும் என்று தேடி ஆட்கள் திரிந்தார்கள். அப்படி ஒரு புரோக்கரை வீட்டுக்காரர் கூட்டி வந்தார். அவர் கல்லைச் சுற்றி அரிசி தூவினார். அசையவில்லை. காந்தம் வைத்தார். ஒட்டவில்லை.

“வானத்துக் கல்லுன்னா கப்புனு பிடிக்கும்க்கா. இது அடுப்புக் கூட்டத்தான் ஆகும்.”

வீட்டுக்காரர் சம்மட்டியை எடுத்தார். “அண்ணாச்சியே சொல்லிட்டாக. ஒடைச்சுப் பாத்துருவோம்.”

“ஒடைச்சா இன்னைக்குச் சோறு கெடையாது.”

சம்மட்டி கீழே போனது. ஊர் என்னைக் கிறுக்கி என்றது. கல்லை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலைக்குப் போவேன். அங்கே கங்காணியிடம் சொன்னேன். இந்த மாதிரிக் கல் சேர்க்கிற கட்டப்பனை வாத்தியார் ஒருவரை அனுப்பினார். வாத்தியார் உடைந்த மூலையில் ஒரு துணுக்கு வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தார். புரோக்கரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

“காந்தம் பிடிக்கலையே சார்” என்றார் புரோக்கர்.

“பிடிக்காது” என்றார் வாத்தியார். “சாதாரண வானக்கல்லுல இரும்பு இருக்கும். இதுல அது இல்லேன்னே சொல்லலாம். ஏதோ குட்டிக் கிரகத்துல குழம்பா ஓடி ஆறின கல்லு. லேப்ல பாத்தாச்சு. இப்படி ஒண்ணுக்காக இருபது வருசம் அலைஞ்சேன் சேச்சி. தோலோட முழுசா வச்சிருக்கீங்களே!”

“நாங்கதான் சார் பத்திரமா வச்சிருந்தோம்” என்றார் வீட்டுக்காரர்.

வாத்தியார் நோட்டை விரித்தார். “சரி, எங்க கெடந்துச்சு? எடம் எழுதாத கல்லுக்கு எங்க ஆளுக மத்தியில மதிப்பில்ல.”

“காட்டுலதான்.”

“காட்டுல எங்க?”

வீட்டுக்காரர் முழித்தார். புரோக்கர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

“வாங்க, காட்டுறேன்.”

நான் முன்னால் நடந்தேன். மூன்று ஆம்பளைகளும் வரப்பில் வரிசையாகப் பின்னால் வந்தார்கள்.