அம்மாவைக் கொழும்பில் விட்டு வந்தேன்

தயவுசெய்து இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். அப்பா முன்னறையில் இருக்கிறார்.

ஒரு கிழமை கொழும்பில் நின்றுவிட்டு இன்று ஊருக்கு வந்தேன். அம்மா வரவில்லை. சுகமில்லாத சின்னம்மாவுக்குத் துணையாக நிற்கிறார் என்று அப்பா நினைக்கிறார். உண்மையில் அம்மா நாளை விடியற்காலை குவைத்துக்குப் போகிறார், வீட்டு வேலைக்கு. தெரிந்தால் அப்பா விடமாட்டார்.

காலையில் என்னை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து சீற்றில் இருந்தவரிடம், "அக்கா, பிள்ளையை ஒட்டுசுட்டானில இறக்கி விடுங்கோ" என்றார் அம்மா.

பஸ் வெளிக்கிட்டபோது ஒரு கையால் டாட்டா காட்டினார். மற்றக் கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினார். கொழும்பில் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பிறகு அழுகை நிற்கவேயில்லை.

"ஆற்றை மகள் நீ?" என்று அந்த அன்ரி கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அட, கொப்பரைத் தெரியும். எங்கட வயலுக்கு உழவு மிசின் கொண்டு வாறவர். ஏன் அழுறாய்? கொம்மா ரெண்டு நாளில வந்திடுவா தானே?"

"இல்லை அன்ரி. விடிய பிளேன் ஏறுறா."

அன்ரி கடித்த வடையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "கொப்பருக்குத் தெரியுமோ?"

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒட்டுசுட்டானில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். அன்ரி யன்னலால் எட்டி, "தம்பி, இரவைக்குக் கோல் எடுக்கிறன். ஒரு கதை இருக்கு" என்றார்.

விடியும்வரை நான் எதைச் சொல்லிச் சமாளிப்பது? பொய் சொல்வதில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள். எனக்கு உண்மைதான் முந்திக்கொண்டு வருகிறது.

போன் அடிக்கிறது. "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்கிறார் அப்பா.

போனை வைத்துவிட்டு என் அறைப் பக்கம் வருகிறார்.

கதவைத் தட்டுகிறார்