ஸ்டெல்லா காப்பாற்றிய ஒற்றைக் கால் ஷூ

சில ஆண்டுகளுக்கு முன், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதினேன். சாம்பிள் ஷூக்களின் படங்களை, இணையத்தில் வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்தில் அது வைக்கும். படத்துக்கு மாடல் எண்தான் பெயர். இரண்டு வியாபாரிகளின் மாடலுக்கும் எண் 204 ஆகிவிட, புதுப் படம் பழையதை அழித்துவிட்டது. இடம் அடைக்கிறதென்று கேமராவிலும் நானே அழித்திருந்தேன். மறுபடி படமெடுக்கலாமென்றால், சாம்பிள் ஷூவையும் வெளியூருக்கு அனுப்பியாகிவிட்டது. ஆர்டர் தர வேண்டிய முதல் வியாபாரியோ படம் கேட்கிறார்!

அங்கேயே சாம்பிள் அறையில் வேலை செய்யும் என் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்குங்க பேஜாராவறீங்க? ஒரு கால் ஷூவை அனுப்பினா, இன்னொரு காலை நாங்க இங்கியே வெச்சிக்குவோம்."

அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். மறுபடி படமெடுத்து ஏற்றினேன்.

இப்போது கோப்பின் பெயரில் வியாபாரி பெயரையும் சேர்க்கிறேன். எதை இணையத்தில் ஏற்றினாலும், அதன் இன்னொரு கால் என்னிடம் இருக்கிறது.