கேன் தண்ணீர்க்காரியின் தாகம்

அரியலூரில் தண்ணீர் விற்பது சுலபம். ஊரே சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். கேன் தண்ணீர் கம்பெனி தொடங்கிய புதிதில் நான் வீடு வீடாகப் போய் அந்தப் பாத்திரத்தைத்தான் காட்டினேன். "இதே மாதிரிதாங்க்கா கிட்னியிலயும் படியும். கல்லு வந்துட்டா உசுரு போயிடும்" என்பேன். வாய் கூசாது. மறுநாளே அந்த வீட்டில் என் கேன் இறங்கும்.

மினி வேனையும் நானே ஓட்டினேன். வைத்த டிரைவர்கள் எல்லாம் கல்யாண முகூர்த்த நாளாகப் பார்த்து லீவு போட்டார்கள். காலையில் கிளம்பினால் மண்டபம், டீக்கடை, ஸ்கேன் சென்டர், லாரி ஷெட் என்று சுற்றி முடிக்க மதியம் தாண்டிவிடும். இதற்கு நடுவே ஒரு பெண் எங்கே போய் ஒதுங்குவது? ஆண்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் வருவார்கள். கடைக்காரரிடம் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார், அந்தப் பார்வை அடுத்த கேன் போடும்வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்காமல் இருக்க ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. வண்டி நிறையத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு நாக்கு வறள வறள ஓட்டினேன்.

கம்பெனியிலும் கக்கூஸ் கிடையாது. பிளானில் இருந்தது. ஆர்டர் கூடியதும் அந்த இடத்தில் இன்னொரு தொட்டியை வைக்கச் சொன்னவள் நான்தான். பெரம்பலூரில் ஒரு கிளை போட்டே தீருவது என்ற வெறி அப்போது எனக்கு. பைபாஸ் ஓட்டல் எல்லாவற்றிலும் என் கேன் கவிழ்ந்து நிற்பதாகக் கனவு காண்பேன். உடம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இடது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது வாய்வு என்று பூண்டைச் சுட்டுத் தின்றேன். ஒருநாள் திருமானூர் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேலேயே சுருண்டுவிட்டேன். கல்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அறிகுறி சொன்னவள் அல்லவா. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் முதலில் வாசல் கதவைச் சாத்தினார்.

"வெளிய மூச்சு விடாத. தண்ணி கம்பெனிக்காரிக்கே கல்லுன்னு தெரிஞ்சா எவன் நம்ம கேனை வாங்குவான்? சீசன் முடியட்டும், திருச்சிக்குப் போயிட்டு வந்துடலாம்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கோபமாக வருகிறது. அவர் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. அரியலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலில் என் கேன் நிற்கிறது. பெரம்பலூரிலோ கிளைக்காக ஆள் ஆளாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கோடை முழுவதும் வண்டி ஓட்டினேன். ஒரு கட்டத்தில் வலி தானாகவே நின்றது. கல் கரைந்துவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

பிறகு விடாத காய்ச்சல் வந்துதான் திருச்சிக்குப் போனோம். கல் வழியை அடைத்து இடது கிட்னி செத்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது என்றார் டாக்டர். அதை எடுத்துவிட வேண்டுமாம்.

"எங்க ஊருத் தண்ணியாலதானே சார்?" என்று கேட்டேன்.

"தண்ணி மேல பழி போடாதீங்கம்மா. நீங்க தண்ணியே குடிக்கிறதில்ல போல. என்ன வேலை பாக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். வூட்டுலதான் இருக்குது."

திருச்சியில் என்னை யாருக்குத் தெரியும்? அங்கேயும் மறைத்தார். ஒற்றை ஆளாகக் கேன் தூக்கி நான் கட்டிய கம்பெனி ஒரே வரியில் இல்லாமல் போனது. இன்றுவரை அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை.

ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். பெண்ணுக்கு அந்த ஆபரேஷன் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "ஒன் தண்ணியக் குடிச்சுத்தான்டி எங்க வூட்டுக்காரருக்குக் கல்லே கரைஞ்சுது" என்றார். நான் சிரித்தேன். தையல் இழுத்தது.

பெரம்பலூர் கிளைக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முதலில் கக்கூஸைக் கட்டுங்கள், அப்புறம் மெஷினை இறக்குங்கள் என்றேன். கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், நல்ல தாழ்ப்பாள். ஒரு கிட்னியைக் கொடுத்து வாங்கிய அறை என்று அதை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மிச்சமிருக்கும் கிட்னியைக் காப்பாற்ற நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே போனாலும் கையில் பாட்டிலோடுதான் போனேன்.

திறப்பு விழா அன்றும் அப்படித்தான், வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தேன். மதியம் அவசரமாகப் போய் அந்தக் கதவைத் திறந்தேன். உள்ளே தரையிலிருந்து கூரைவரை காலி கேன்கள்.

"ஏங்க, என்ன இது?"

"வைக்க எடமில்ல. சீசன் முடியட்டும், எடுத்துடலாம்" என்றார் கணவர். "வெளிய பைபாஸ் ஓட்டல்காரர் வந்திருக்காரு, வா."

கதவைச் சாத்தினேன். கையிலிருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை மூடி வேனுக்குள் வைத்துவிட்டு ஆர்டர் பேசப் போனேன்.